தூண் நின்றது, கம்பி வரவில்லை: காசு வாங்கிப் பாதியில் விட்ட வளவு வேலை பற்றிய நிகழ்வு ஆய்வு

இது ஒரு வீட்டின் தனிக்கதை அல்ல. இலங்கையின் வடக்கே வன்னியில் வேலி, தென்னங்கிடங்கு, தண்ணீர்த் தாங்கி என்று வளவு வேலைகளில் திரும்பத் திரும்ப எழும் பிணக்குகளை ஒரே வளவில் வைத்துக் கட்டிய மாதிரி நிகழ்வு. ரூபாக் கணக்குகள் வழியைக் காட்டுவதற்கானவை. விலை மாதத்துக்கு மாதம் மாறும். அளவுகளும் கணக்கிடும் முறையும் அப்படியே பயன்படும்.

வளவும் பேச்சும்

கிளிநொச்சி மாவட்டம். ஏ9 வீதியிலிருந்து கிழக்கே இறங்கும் கிறவல் பாதையில் ஒரு குடியேற்றக் கிராமம். அங்கே 110 அடி நீளம், 99 அடி அகலம் கொண்ட வளவு. 10,890 சதுர அடி, சரியாக 40 பேர்ச், கால் ஏக்கர். வீதிப் பக்கம் மதிலும் படலையும் உண்டு. மற்ற மூன்று பக்கமும் பழைய கிளுவைக் கதியால் வேலி. பாதிக் கதியால் பட்டுப்போய்விட்டது, கட்டாக்காலி மாடுகள் விரும்பிய நேரம் உள்ளே வரும். வீட்டில் ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவரும் பள்ளிக்கூடம் போகும் பேத்தியும். காசு அனுப்புவது கனடாவில் இருக்கும் தம்பி.

வேலை மூன்று. மூன்று பக்கமும் கொங்கிறீற் தூண் நட்டு ஐந்து நிரை முள்ளுக்கம்பி இழுத்தல்: 180,000 ரூபா. எட்டுத் தென்னங்கிடங்கு வெட்டிப் பிள்ளை வைத்தல்: 32,000. 1,000 லீற்றர் தாங்கிக்கு நிலை கட்டி, தாங்கி வைத்து, மரக்கறிப் பாத்திக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுதல்: 138,000. மொத்தம் 350,000. கொந்தராத்து எடுத்தவர் பக்கத்து ஊர் மேசன். அவருடைய மனைவி வீட்டுக்கார அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். எழுத்தில் இருந்தது வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய மூன்று வரி மட்டுமே. ஒப்பந்தம் எழுதக் கேட்டபோது வந்த பதில், “சொந்தத்துக்குள்ளை என்ன அக்கா கடதாசி.”

யூலை முதல் கிழமை 150,000 கைமாறியது. ஓகஸ்ட் நடுவில் “தூண் ஏத்தவேணும்” என்று 80,000. ஓகஸ்ட் கடைசியில் “ஆக்களுக்குச் சம்பளம் குடுக்கவேணும்” என்று 50,000. எல்லாமாக 280,000, பேசிய தொகையில் நூற்றுக்கு 80. செப்ரெம்பர் 10 ஆம் திகதிக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. தொலைபேசியில் மட்டும், “வாற கிழமை கட்டாயம் வாறன் அக்கா.”

ஏன் நிற்கிறது

எடுத்த எடுப்பிலேயே ஏமாற்றுக்காரன் என்று முடிவு கட்டினால், பின்னால் செய்யும் ஒவ்வொன்றும் பிழைக்கும். பெரும்பாலும் நடப்பது காசுச் சுழற்சி. இந்த வளவில் வாங்கிய முற்பணம் அதற்கு முந்திய வளவின் கூலிக்குப் போயிருக்கும். இந்த வளவை முடிக்க அடுத்த வளவின் முற்பணம் வரவேண்டும். இடையில் ஒருவர் காசு தரப் பிந்தினால் சங்கிலி அறுந்துவிடும். பொருள் விலை ஏறி, பேசிய தொகைக்குள் முடிக்க முடியாமல் போவது இரண்டாவது காரணம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் பலர் தொலைபேசியை நிறுத்திவைக்கிறார்கள்.

மூன்றாவது, வயல். மேசனோடு வரும் ஆட்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாகவோ குத்தகைக்கோ வயல் இருக்கும். மாரி மழையை நம்பி காலபோக விதைப்புத் தொடங்கும்போது அவர்களை வேறு வேலைக்குப் பிடிக்க முடியாது. யூலையில் பேசி ஓகஸ்டில் தொடங்கும் வேலை செப்ரெம்பர் கடைசிக்குள் முடியாவிட்டால் தை, மாசி வரை இழுபடும் என்று முதலிலேயே கணக்குப் போடவேண்டும்.

நியாயமாக நிற்கும் வேலையும் உண்டு. கிடங்கு வெட்டும்போது சந்தேகத்துக்குரிய இரும்புப் பொருள் தட்டுப்பட்டால் அலவாங்கைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் விலகவேண்டும். தொடவோ தூக்கவோ கூடாது, பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும். கண்ணிவெடி அகற்றிய காணி என்று கடதாசி இருந்தாலும் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. அந்த நாட்களுக்காக வேலைகாரரைக் குறை சொல்லக்கூடாது. வீட்டுக்காரர் எல்லைக்கல்லைக் காட்டாமல் விட்டது, பக்கத்து வளவுக்காரர் தூண் வரிசையை மறித்தது, தண்ணீருக்கு மோட்டர் வேலை செய்யாதது ஆகியவையும் வேலைகாரரின் பிழை அல்ல. இந்த வளவில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. இல்லை என்பதையும் எழுதிவைக்கவேண்டும். பிறகு அதுதான் முதலில் கேட்கப்படும்.

கண்ணுக்குத் தெரியும் வேலையும் உண்மையான வேலையும்

வளவுக்குள் நுழைந்து பார்த்தால் 24 தூண் வரிசையாக நிற்கிறது. 33 வேண்டிய இடத்தில் 24. நாலில் மூன்று பங்கு முடிந்த மாதிரித் தெரியும். மூன்றாவது முறையும் காசு கொடுக்கவைத்தது இந்தத் தோற்றம்தான்.

வேலியின் கணக்கைப் பார்ப்போம். 110, 99, 110 சேர்த்தால் 319 அடி. ஏறக்குறைய பத்தடிக்கு ஒரு தூண் என்றால் 32 இடைவெளி, 33 தூண். இரண்டு மூலைத் தூணுக்கும் இரண்டு பக்கமும் முட்டுத்தூண், மதிலோடு சேரும் இரண்டு கடைத் தூணுக்கும் ஒவ்வொன்று: ஆறு முட்டு. மொத்தம் 39. ஐந்து நிரைக் கம்பிக்கு 319ஐ ஐந்தால் பெருக்க 1,595 அடி. கட்டுக்கும் முடிச்சுக்கும் நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் ஏறக்குறைய 1,675 அடி.

கம்பியை இழுத்து முறுக்கும்போது அந்த இழுவை முழுவதையும் தாங்குவது மூலைத் தூண்கள். முட்டு இல்லாத மூலைத் தூண் முதல் மாரியிலேயே மண் இளகி உள்ளே சாயும். ஐந்து நிரையும் தொய்யும். மாடு தலையை விட்டால் போதும். ஆகவே பொறுப்பாக வேலை செய்பவர் முதலில் மூலையை நட்டு, முட்டுக் கொடுத்து, கொங்கிறீற் இறுகவிட்டு, நூல் பிடித்து இடைத் தூண்களுக்கு வருவார். இங்கே நடந்தது மறுபக்கம். சுலபமான இடைத் தூண்களில் எண்ணிக்கை ஏறியது. ஆறு முட்டில் ஒன்றுகூட வளவுக்கு வரவில்லை. கம்பி ஒரு சுருளும் இல்லை. வேலி வேலை பார்க்கப் போகிறவர்கள் தூணை எண்ணவேண்டாம். முதலில் மூலையைப் பார்க்கவேண்டும்.

மழைக்கு முன் அளவு

வேலை நின்றதும் செய்யவேண்டிய முதல் காரியம் சண்டையும் அல்ல, பொலிஸும் அல்ல. அளவு. அதுவும் ஒக்ரோபர் மழை இறங்குவதற்கு முன். மழை வந்தால் கிடங்கு சரிந்து ஆழம் தெரியாமல் போகும், தூணடி மண் மூடிக்கொள்ளும், வெளியே நிற்கும் கம்பி கறள் பிடிக்கும். வேலைகாரர் செய்யாததையும் மழை செய்ததையும் பிரித்துக்காட்ட முடியாது.

அளக்கும்போது மூன்று பேர் வேண்டும். வீட்டுக்காரர், இந்த வேலையை அடுத்து எடுக்கப்போகாத வேறொரு மேசன், ஊரில் இரு பக்கத்தாரும் மதிக்கும் ஒருவர். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரோ கிராம சேவையாளரோ வந்தால் நல்லது. வேலைகாரருக்கும் நாளையும் நேரத்தையும் முதல் நாளே செய்தியாக அனுப்பவேண்டும். வராவிட்டாலும் பரவாயில்லை, அழைத்ததற்கு அத்தாட்சி இருக்கும்.

தூணுக்குச் சோதனை எளிது. நெஞ்சு உயரத்தில் கையை வைத்து முன்னும் பின்னும் தள்ளவேண்டும். கொங்கிறீற்றில் நிற்கும் தூண் மண்மட்டத்தில் அசையாது. அசைந்தால் அடிமண்ணைச் சுரண்டிப் பார்க்கவேண்டும். பேசியபடி ஒரு அடி அகலக் கிடங்கில் இரண்டடி ஆழம், ஒன்றரை அடிக்குக் கொங்கிறீற், மேலே அரை அடி மண். ஆகவே அரை அடி சுரண்டினால் கொங்கிறீற் தெரியவேண்டும். 24இல் 19 அப்படி இருந்தன. ஐந்து தூணுக்கு மண்ணைப் போட்டு அலவாங்கால் இடித்து விட்டிருந்தது. நடாத தூண் ஒன்பது வளவில் கிடந்தது. இரண்டில் நடுவால் வெடிப்பு.

தென்னங்கிடங்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்று பேச்சு. ஒன்றுக்கொன்று 26 அடி இடைவெளியில் எட்டும் வெட்டியிருந்தது. ஐந்து சரி, மூன்று இரண்டடி ஆழத்தோடு நின்றது. மண் அளவில் 27 கன அடிக்குப் பதில் 18. மூன்றில் இரண்டு பங்குதான் வேலை. தென்னம்பிள்ளை வரவில்லை.

தாங்கி நிலைக்கு அத்திவாரமும் நாலு தூணும் ஆறடிக்கு ஏறியிருந்தன. தாங்கி நிற்கும் மேல்தட்டு வார்க்கவில்லை, மேலே கம்பி நீட்டியபடி நிற்கிறது. தாங்கி வாங்கப்படவில்லை. ஒரு அங்குலக் குழாய் பத்து, வெயிலில்.

ஒவ்வொன்றையும் அளவுநாடா தெரியும்படி படம் எடுக்கவேண்டும்: கிடங்குக்குள் நாடா நிற்கும் படம், தூணடி சுரண்டிய படம், தூர நின்று முழு வரிசை. படத்தை மட்டும் நம்பாமல் ஒரு தாளில் உருப்படி, பேசிய அளவு, இருக்கும் அளவு, குறை என்று நாலு நிரலில் எழுதி மூவரும் கையெழுத்திட்டுத் திகதி போடவேண்டும். பிறகு நடந்த எல்லாம் இந்த ஒரு தாளின் மேல்தான் நின்றது.

ரூபாவாக மாற்றுதல்

வேலி 180,000ஐப் பிரித்தால், ஊர் விலைப்படி ஒரு தூண் வாங்கிக் கிடங்கு வெட்டி வார்த்து நிறுத்த 3,000, 39க்கு 117,000. கம்பி 38,000. இழுக்கும் கூலி 25,000. சரியாக நின்ற 19 தூணுக்கு 57,000. இடித்து விட்ட ஐந்துக்கும் தூணின் விலை மட்டும், ஒன்று 1,600 வீதம் 8,000. கிடக்கும் நல்ல தூண் ஏழு: 11,200. ஐந்து முழுக் கிடங்கு 1,500 வீதம் 7,500. குறைக் கிடங்கு மூன்று 1,000 வீதம் 3,000. நிலையின் அத்திவாரமும் தூணும் 30,000. குழாய் 6,000.

கூட்டினால் 122,700. பேசிய தொகையில் நூற்றுக்கு 35. கொடுத்ததோ நூற்றுக்கு 80. கொடுத்த 280,000இல் 122,700 கழித்தால் 157,300 ரூபா வேலையாகாமல் அவர் கையில் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. மிச்ச வேலையை வேறொருவர் முடிக்க 245,000 கேட்டார். பழைய பேச்சில் கொடுக்காமல் இருக்கும் மிச்சம் 70,000. அதைக் கழித்தால் வீட்டுக்காரருக்கு நட்டம் 175,000. இரண்டு கணக்குக்கும் இடையில் உள்ள 17,700 ரூபா, ஒருவர் விட்ட வேலையை மற்றவர் எடுப்பதற்குக் கேட்கும் கூடுதல். ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் இருந்திருக்கும் நிலைக்கு நட்டமடைந்தவரைக் கொண்டுவருவது இழப்பீட்டுச் சட்டத்தின் போக்கு என்பதால், வழக்கில் இரண்டாவது கணக்கைக் கேட்கலாம். ஆனால் நேரே இருந்து பேசும்போது முதல் கணக்குத்தான் வேலை செய்யும். அவர் செய்த ஒவ்வொரு தூணுக்கும் கிடங்குக்கும் காசு கொடுத்திருக்கிறோம் என்பது அதில் தெரிகிறது. “நான் செய்ததை ஒருத்தரும் மதிக்கேல்லை” என்ற வாதத்துக்கு இடம் இல்லை. எங்கள் முடிவு: இரண்டையும் எழுதிக்கொண்டு போகவேண்டும், முதலாவதை முன்வைக்கவேண்டும்.

இதற்கிடையில் வளவில்

திறந்த கிடங்கை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. மழைத் தண்ணீர் நின்று நுளம்பு பெருகும். குழந்தையோ கன்றுக்குட்டியோ விழும். அளவும் படமும் எடுத்த கையோடு, வெட்டிப் போட்ட மேல்மண்ணையே உள்ளே தள்ளி முக்கால்வாசி நிரப்பலாம், அல்லது தடிபோட்டுத் தகரத்தால் மூடலாம். தாங்கி நிலையில் நீட்டி நிற்கும் கம்பிக்குச் சீமெந்துப் பால் பூசிப் பொலித்தீனால் கட்டிவிட்டால், அடுத்த மேசன் அதையே பயன்படுத்தமுடியும். குழாயை நிழலுக்கு எடுக்கவேண்டும்.

வேலைகாரரின் மண்வெட்டி, தாச்சி, பலகை வளவில் கிடந்தால் அதைப் பிடித்துவைக்கும் எண்ணம் எல்லாருக்கும் வரும். செய்யக்கூடாது. அது அவருக்குப் பொலிஸில் ஒரு முறைப்பாட்டைக் கொடுக்கும். பிணக்கு காசிலிருந்து பொருளுக்கு மாறிவிடும். பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுப்பதே நல்லது. அந்தக் கையெழுத்து, அவர் வேலையை விட்டுப்போனார் என்பதற்கும் ஒரு சாட்சி.

இரண்டு பேர் படலைக்கு வருவார்கள். ஒருவர், தூண் வார்த்துக் கொடுத்தவர்: “எனக்குக் காசு வரேல்லை, தூணை ஏத்தப்போறன்.” மற்றவர், சம்பளம் கிடைக்காத கூலியாள். அவர்களின் துன்பம் உண்மையானது. ஆனாலும் கையிலிருந்து காசு கொடுத்தால் அது கணக்கில் சேராமல் போய்விடும். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கொந்தராத்துக்காரரிடமிருந்து “இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள், என் கணக்கில் கழியுங்கள்” என்று ஒரு செய்தியாவது வாங்கிய பிறகுதான்.

கடிதம்

மூன்று கிழமைத் தொலைபேசிப் பேச்சை விட ஒரு பதிவுத் தபால் பலமானது. கோபம், சாபம், சொந்தபந்தம் ஒன்றும் அதில் வரக்கூடாது. இந்த வளவுக்கு எழுதக்கூடியது இப்படி:

“எனது வளவில் வேலி, தென்னங்கிடங்கு, தாங்கி நிலை, சொட்டுநீர் ஆகிய வேலைகளை 350,000 ரூபாவுக்குச் செய்துதர நீங்கள் உடன்பட்டு, 280,000 ரூபா பெற்றுக்கொண்டீர்கள். செப்ரெம்பர் 10 ஆம் திகதிக்குப் பின் வேலை நடைபெறவில்லை. ஒக்ரோபர் 3 ஆம் திகதி எடுத்த அளவுப் பதிவின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். அதன்படி செய்த வேலையினதும் வளவில் உள்ள பொருளினதும் பெறுமதி 122,700 ரூபா. இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் வேலையைத் தொடங்கி, முடிக்கும் திகதியை எழுத்தில் தரவும். அல்லது 157,300 ரூபாவைத் திருப்பித் தரவும். அளவில் பிழை இருந்தால் அதே 14 நாட்களுக்குள் வந்து சேர்ந்து அளக்கலாம். தவறினால் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்து, மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிப்பேன்.”

கடைசிக்கு முந்திய வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சேர்ந்து அளக்க அழைத்தவரின் அளவை மறுப்பது கடினம். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, கடிதத்தின் படத்தை வட்ஸ்அப்பிலும் அனுப்பவேண்டும்.

காசு கொடுத்ததற்கு அத்தாட்சி தேடும்போது இந்த வளவில் ஒரு சிக்கல் வந்தது. வெளிநாட்டுக் காசில் நடக்கும் வேலைகளில் அடிக்கடி வருவது. முதல் 150,000ஐக் கனடாத் தம்பி நேரே மேசனின் வங்கிக் கணக்குக்குப் போட்டிருந்தார். வேலை பேசியது அக்கா, காசு போட்டது தம்பி. “அது அவர் எனக்குத் தந்த கடன்” என்று சொல்ல வழி இருக்கிறது. தம்பியிடமிருந்து வங்கிப் பதிவும், “இது என் அக்காவின் வளவு வேலைக்கு” என்ற ஒரு கடிதமும் வாங்கவேண்டியிருந்தது. இனிக் கொடுப்பவர்கள் வீட்டில் இருப்பவரின் கணக்குக்கு அனுப்பி, அவர் கையால், அவர் பெயரில் பற்றுச்சீட்டோடு கொடுப்பதே பாதுகாப்பு.

வட்ஸ்அப் எழுத்தையும் குரல்பதிவையும் அழிக்கக் கூடாது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்கு இடம் கொடுக்கிறது. மேசன் அனுப்பிய அந்த மூன்று வரிதான் இங்கே ஒப்பந்தத்தின் எலும்பு.

எங்கே போவது

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியலாம். ஆனால் வேலையைத் தொடங்கிப் பாதி செய்தவர் மீது ஏமாற்று என்று காட்டுவது கடினம். “இது சிவில் விசயம்” என்ற பதில்தான் வரும். பொருள் வாங்கவென்று குறித்துக் கேட்டு வாங்கிய காசில் ஒரு பொருளும் வாங்காமல் இருந்தால் மட்டும் நம்பிக்கை மோசடி என்ற பேச்சு எழும். 80,000க்குத் தூண் ஏற்றப்பட்டதால் இங்கே அதற்கும் இடம் இல்லை.

சரியான இடம் மத்தியஸ்த சபை. சனங்கள் இணக்கசபை என்பார்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. இந்த அளவு தொகைப் பிணக்கை அங்கே கொண்டுபோகாமல் நேரே நீதிமன்றத்தில் வழக்காகப் போட முடியாது. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் வேண்டும். சபையின் தவிசாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கவேண்டும். பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடுவார்கள். மூன்று மத்தியஸ்தர் இருப்பார்கள்; ஒவ்வொரு பக்கமும் ஒருவரைத் தெரிய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். சட்டத்தரணி வரமுடியாது. தனியாக நின்று வாதாடத் தயங்கும் பெண்களுக்கு இது உண்மையிலேயே உதவும் இடம், கையில் அளவுத்தாள் இருந்தால். தாள் இல்லாமல் போனால் யார் சத்தமாகப் பேசுகிறார் என்பதில் போய் முடியும். அது நடக்க விடக்கூடாது.

மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்ல, இரு பக்கமும் ஏற்கும் உடன்பாட்டைத் தேடுபவர்கள். ஆகவே “காசைத் தா” என்ற ஒரே கோரிக்கையோடு போவதை விட, வேலையாகத் தரக்கூடியது எது, காசாகத் தரவேண்டியது எது என்று பிரித்துக்கொண்டு போனால் பலன் கூட. பணம் இல்லாத மேசனிடமும் கை இருக்கிறது. அதேநேரம் நம்பிக்கை போன பிறகு எல்லா வேலையையும் அவரிடமே திரும்பக் கொடுப்பதும் சரியல்ல. வேலியில் பிழை விட்டால் திருத்தலாம்; ஒரு தொன் தண்ணீர் நிற்கப்போகும் நிலையில் விட்டால் உயிர் போகும். வேலியை அவருக்கு விட்டு, தாங்கியை வேறொருவருக்கு எடுத்தது இந்த நிகழ்வில் எங்களுக்கு மிகச் சரியாகப் பட்ட முடிவு.

உடன்பாடு இப்படி அமைந்தது. கம்பியை வீட்டுக்காரரே ஹாட்வெயாரில் தன் பெயரில் பில் போட்டு வாங்குவார், 38,000. மேசன் மிச்சத் தூணும் ஆறு முட்டும் தன் செலவில் நட்டு, ஐந்து தூணைப் பிடுங்கி வார்த்து, கம்பியை இழுத்துக் கொடுப்பார். வேலி 180,000இல் கணக்கில் ஏற்கெனவே கழித்த, நின்ற தூண்களின் 65,000, கிடக்கும் தூண்களின் 11,200 ஆகியவற்றையும் கம்பியையும் எடுத்தால் இந்த வேலையின் பெறுமதி 65,800. அவர் கையில் இருக்கும் 157,300இல் அதைக் கழிக்க 91,500. அதை மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் 30,500, பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் கடைசிகளில். தவணையைத் தை மாதத்தில் கேட்டிருந்தால் முதல் தவணையிலேயே முறிந்திருக்கும். அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகுதான் இங்கே கையில் காசு புழங்கும். வேலிக்கு முடிவு நாள் பொங்கலுக்கு முதல் நாள். இரண்டு பகுதியும் தனித்தனித் திகதியோடு எழுதப்பட்டது.

உடன்பாடு முறிந்தால் திரும்பச் சபைக்கு அறிவித்து, இணங்காமைச் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றம் போகலாம். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். காலத்தையும் மறக்கக் கூடாது: 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம்.

மிச்ச வேலையை ஒப்படைத்தல்

புதிய மேசன் பழைய தாங்கித் தூணைப் பொறுப்பெடுக்கமாட்டேன் என்பார். அது நியாயம். அவரோடு சேர்ந்து பார்க்கவேண்டும்: தூக்குக்குண்டு விட்டால் தூண் நிமிர்ந்து நிற்கிறதா, பலகை கழற்றிய இடத்தில் தேன்கூடு போல ஓட்டை விழுந்து கம்பி தெரிகிறதா, சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கிறதா, பொத்தலாகக் கேட்கிறதா. ஒரு தூணில் கம்பி வெளியே தெரிந்தாலும் அந்த நாலையும் நம்பி மேல்தட்டுப் போடவேண்டாம். இடித்துக் கட்டும் செலவைத் தாங்கமுடியும்.

சொட்டுநீர் என்று ஒரு சொல்லில் பேசியது இன்னொரு பிழை. ஆறடி நிலையில் வைத்த தாங்கியின் தண்ணீர் மட்டம் இரண்டரை மீற்றர் என்று கொண்டால் அழுத்தம் 0.25 பார். மணிக்கு 2 லீற்றர் என்று அச்சிட்ட சாதாரணச் சொட்டி ஒரு பார் அழுத்தத்துக்கானது. இங்கே ஏறக்குறைய பாதி, 1 லீற்றர்தான் விடும். 40 அடியில் 12 வரி, அடிக்கு ஒரு சொட்டி என்றால் 480 சொட்டி, மணிக்கு 480 லீற்றர். 1,000 லீற்றர் தாங்கி இரண்டு மணித்தியாலம் தாண்டி நிற்கும். இது வீட்டுப் பாத்திக்குப் போதும். ஆனால் வடிகட்டி இல்லாமல் போட்டால் மண்ணும் தூசும் சொட்டியின் வாயை அடைத்துவிடும். ஆகவே ஒப்பந்தத்தில் எழுதவேண்டியது: வரி எத்தனை, நீளம் எவ்வளவு, சொட்டி இடைவெளி எவ்வளவு, வடிகட்டி ஒன்று, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் திறந்து கழுவக்கூடிய மூடி, எல்லாச் சொட்டியும் சொட்டுவதைக் காட்டிய பிறகே காசு.

காசு கொடுக்கும் வழியும் மாறியது. தாங்கி, குழாய், சீமெந்து எல்லாம் வீட்டுக்காரரின் பெயரில் கடையில் வாங்கப்பட்டன. மேசனுக்குக் கூலி மட்டும், நாலு கட்டமாக: மேல்தட்டு வார்த்து ஏழு நாள் தண்ணீர் விட்ட பிறகு ஒன்று, தாங்கி ஏற்றி நிறையத் தண்ணீர் விட்டு ஒரு இரவு நின்ற பிறகு ஒன்று, எல்லாச் சொட்டியும் சொட்டிய பிறகு ஒன்று. நாலாவது, கூலியின் நூற்றுக்குப் பத்து. அடுத்த மாரியின் முதல் பெருமழைக்குப் பிறகு. வேலை தொடர்ந்து ஏழு நாள் நின்றால் சேர்ந்து அளந்து கணக்கு முடிக்கலாம் என்ற வரியும், விதைப்பு, அறுவடை நாட்களில் எத்தனை நாள் விடுப்பு என்பதும் அதே தாளில் இருந்தன.

தென்னம்பிள்ளையை அந்த வருட மழையில் வைக்க முடியவில்லை. குறைக் கிடங்கு மூன்றையும் மூன்றடிக்கு இறக்கி, அடியில் இரண்டு அடுக்குப் பொச்சு மட்டை வைத்து, மேல்மண்ணும் மாட்டெருவும் கலந்து நிரப்பிவைத்து, கம்பி இழுத்து முடிந்த வேலிக்குள் அடுத்த ஒக்ரோபர் மழைக்கு எட்டும் நடப்பட்டன.